போத்தலில் இருப்பது எந்தக் கற்றாழை?

நிகழ்ச்சி முடிந்து ஒலிக்கூடத்தை விட்டு வெளியே வந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. பட்டர்வொர்த்திலிருந்து நேயர் ஒருவர். “தம்பி, என் மகள் அகாவே சிரப்னு ஒரு போத்தல் வாங்கிட்டு வந்திருக்கா. கற்றாழையில செஞ்சதாம். இனிப்பு நீர் உள்ளவங்க தேத்தண்ணியில தாராளமா ஊத்திக் குடிக்கலாமாம். உண்மையா?”

பாட்டு கேட்டு வரும் செய்திகளுக்கு அடுத்தபடியாக எனக்கு வருபவை இப்படிப்பட்ட கேள்விகள்தான். நான் மருத்துவன் அல்ல, படித்தது ஊடகத்துறை. ஆனால் ஆய்வு என்ன சொல்கிறது, செய்தித் தலைப்பு என்ன சொல்கிறது என்று பிரித்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் அடிப்படைப் பாடம். அதனால் தேடிப் பார்த்தேன்.

முதலில் பெயர்க் குழப்பம். நாம் கூந்தலுக்குத் தேய்ப்பதும் மோரில் போட்டுக் குடிப்பதும் சோற்றுக் கற்றாழை. அகாவே என்பது ஆனைக் கற்றாழை. தமிழ்நாட்டில் ரயில் பாதை ஓரமாக, நுனியில் ஊசி முள்ளோடு நிற்குமே, அந்த ‘ரயில் கற்றாழை’. அதன் நாரில் கயிறு திரிப்பார்கள். நம் ஊரில் வீட்டு வாசல் தொட்டிகளில் அழகுக்கு வளர்க்கிறோம். பார்க்கத்தான் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. தாவரவியலில் குடும்பமே வேறு. அகாவேக்குச் சொந்தம் தண்ணீர்விட்டான் கிழங்கு!

இந்தக் குழப்பம் சும்மா சிரித்துவிட்டுப் போகக்கூடியது அல்ல. அகாவே இலைச் சாற்றில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. டெக்கீலா ஆலைத் தொழிலாளர்களின் தோல் அரிப்பை ஆராய்ந்து 2001-இல் வெளியான கட்டுரை, ஒரே ஒரு துளிச் சாற்றில் 100 முதல் 150 படிகங்கள் இருப்பதாகக் கணக்கிட்டது. 2017-இல் சீனாவில் ஓர் இளம்பெண் நேரலையில் சோற்றுக் கற்றாழை என்று நினைத்து இதைக் கடித்துத் தின்று, வாய் மரத்து, தொண்டை எரிந்து மருத்துவமனைக்குப் போனார். வாசலில் இருக்கும் செடி எதுவென்று தெரியாமல் ஒடித்து முகத்தில் பூசாதீர்கள்.

இனி போத்தலுக்கு வருவோம். அகாவே வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். அந்தப் பூந்தண்டுக்காகப் பல ஆண்டுகள் தன் நடுத்தண்டில் ‘ஃபிரக்டான்’ என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும். மெக்சிகோ விவசாயிகள் பூப்பதற்கு முன்பே வெட்டிவிடுவார்கள். வெட்டிய தண்டின் சாற்றைச் சூடாக்கினாலோ, நொதி சேர்த்தாலோ, நீளமான ஃபிரக்டான் சங்கிலிகள் உடைந்து ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரையாகிவிடும். அதுதான் அகாவே பாகு.

2014 மார்ச்சில் அமெரிக்க வேதியியல் கழகத்தின் டல்லஸ் கூட்டத்தில், மெக்சிகோ ஆய்வாளர் மெர்சிடிஸ் லோபெஸ் ஓர் ஆய்வை முன்வைத்தார். அகாவேயின் ஃபிரக்டானை, அதாவது ‘அகாவின்’களை, எலிகளின் குடிநீரில் கலந்து கொடுத்தார்கள். எலிகள் குறைவாகத் தின்றன. ரத்தத்தில் சர்க்கரை குறைந்தது. ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் கூடியது. இன்று எல்லாரும் பேசும் உடல் எடைக் குறைப்பு ஊசிகள் போலி செய்வது இந்த ஹார்மோனைத்தான். உடனே உலகம் முழுக்க ‘டெக்கீலா செடி நீரிழிவுக்கு நல்லது’ என்று தலைப்புகள்.

தலைப்பில் இடம்பெறாதது ஒன்று. அகாவின் உடையாத சங்கிலி. நம் குடலால் அதைச் செரிக்க முடியாது. பெருங்குடல் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. பாகோ அதே சங்கிலியை உடைத்துச் செய்தது. பாகில் இருப்பது ஃபிரக்டோஸ்தான் என்று லோபெஸே அப்போது தனியாகச் சொன்னார். அதோடு, எலிக்குக் கிடைத்த பலன் நமக்கும் அப்படியே கிடைக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

“ஆனால் குடிச்சுட்டுக் கருவியில பார்த்தேன், ஏறவே இல்லையே தம்பி” என்பார்கள். ஏறாதுதான். விரலைக் குத்திப் பார்க்கும் கருவி குளுக்கோஸை மட்டுமே அளக்கும். வெள்ளைச் சீனியில் குளுக்கோஸ் பாதி, ஃபிரக்டோஸ் பாதி. அகாவே பாகிலோ பெரும்பங்கு ஃபிரக்டோஸ். அதைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள்கிறது. மிஞ்சினால் கொழுப்பாக்கி வைக்கிறது. கருவியில் எண் அழகாக இருக்கும். கல்லீரலிலும் ரத்தக் கொழுப்பிலும் கணக்கு ஏறிக்கொண்டிருக்கும். ஒரு தேக்கரண்டிப் பாகில் ஏறத்தாழ 20 கலோரி, சீனியில் 16. பாகுக்கு இனிப்பு அதிகம் என்பதால் கொஞ்சமாக ஊற்றினால் லாபம் உண்டு. ‘தாராளமா’ ஊற்றினால்?

அந்த அக்காவுக்கு இதையெல்லாம் சொல்லி, மருந்தை மாற்றும் முன் மருத்துவரைக் கேளுங்கள் என்றேன். அவர் ஒருவருக்கான பதில் மட்டுமல்ல இது. 2019-இன் தேசிய சுகாதார, நோய் ஆய்வுப்படி நம் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4 விழுக்காடு. நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்கு ஒரே வரிசையில் பத்துப் பெரியவர்கள் உட்கார்ந்தால், மூவர். மகள் ஆசையாக வாங்கி வந்த போத்தலை ‘வேண்டாம்’ என்று சொல்ல எந்த அம்மாவுக்கு மனசு வரும்? விற்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

பேரங்காடியில் போத்தலின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். ‘மொத்தச் சர்க்கரை’ என்ற வரியைப் பாருங்கள். ‘சீனி சேர்க்கப்படவில்லை’ என்று எழுதிய பிஸ்கட்டிலும் அகாவே பாகு இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல் தேனையும் பாகுகளையும் சீனியோடு சேர்த்தே எண்ணுகிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது. தே தாரிக்கில் இருக்கும் கெட்டிப் பாலின் இனிப்பும் அந்தக் கணக்கில்தான் சேரும்.