உயிர் தப்பினால் மட்டும் போதுமா?

மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்று மீண்ட பெண்ணொருத்தி, மாதங்கள் பல கழிந்த பின்னும் அக்குளில் எரிவு, மேற்கையின் உட்புறத்தில் விறைப்பு என்று முறையிடுகையில், பல வேளைகளில் அவளுக்குக் கிடைக்கும் மறுமொழி ஒன்றே: ‘உயிர் தப்பியதே பெரும் பாக்கியம்.’ ஆறுதல்மொழி போலத் தோன்றும் இவ்வாசகம் உண்மையில் வாயடைப்பேயாகும்.

அவளது நோவு மனப்பிரமை அன்று. டென்மார்க்கில் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் சிகிச்சை பெற்ற பெண்களிடம் வினவி 2009 இல் வெளியிடப்பெற்ற ஆய்வில், விடையளித்த 3,253 பேருள் 47 சதவீதத்தினர் ஈராண்டு, மூவாண்டு கடந்தும் நோவுடனேயே வாழ்ந்தமை புலனாயிற்று. அந்நோவாளருள் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு அது கடுமையானது. இளவயதினரும், அக்குளின் நிணநீர்க் கணுக்கள் முற்றாக அகற்றப்பட்டோருமே அதிகம் துன்புற்றனர். காரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. மேற்கையின் உட்புறத் தோலுக்கு உணர்வூட்டும் நரம்பு அக்குளின் ஊடாகவே செல்கின்றது. கணுக்களைக் களையும் கத்தி அதனையும் சிதைத்துவிடலாம்.

மயக்கமருந்தின் வரலாறே இச்சத்திரசிகிச்சையோடு பிணைந்தது. 1804 இல் யப்பானிய வைத்தியர் ஹனஒகா செய்ஷூ, ஊமத்தை முதலிய மூலிகைகளாலான பானத்தைப் பருகச் செய்து, அறுபது வயது மூதாட்டி ஒருவரின் மார்பகக் கட்டியை அகற்றினார். பொஸ்ரன் நகரில் ஈதர் அரங்கேறியதோ 1846 இலேதான். எனினும் அன்று தொட்டு, மேசைமீது கிடக்கும் பொழுதின் நோவே மயக்கமருந்தின் எல்லையென எண்ணப்பட்டு வந்தது. அதன் பின்னர் வருவது யார் பொறுப்பு?

முள்ளந்தண்டின் அருகே, நரம்புகள் வெளிப்படும் இடத்தில் விறைப்பு மருந்து செலுத்தும் முறை இவ்வினாவுக்கு விடையாகுமென நம்பிக்கை பிறந்தது. நோய் மீள்வதையும் அது குறைக்குமென 2006 இல் ஒரு சிற்றாய்வு ஆவலைத் தூண்டிற்று. சிறு ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்த கொக்ரேன் மதிப்பீடு, 2018 இல், நீடித்த நோவும் இம்முறையாற் குறைவதாகக் கண்டது. ஆனால் எட்டு நாடுகளின் 13 வைத்தியசாலைகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை உட்படுத்தி 2019 இல் வெளியான பேராய்வு இவ்விரு நம்பிக்கைகளையும் உலுக்கியது. நோய் மீண்டமை இரு பிரிவிலும் 10 சதவீதமே. ஆறாம் மாதத்தில் வெட்டுக்காய நோவு இரு பிரிவிலும் 52 சதவீதம். ஓராண்டின் பின் 28, 27. அவ்வாய்வின் முதல் வினா நோய் மீளுமா என்பதே; நோவு இரண்டாமிடத்தில்தான் வைக்கப்பட்டது. அதுவும் நோக்கற்பாலது.

இம்முடிவைக் கண்டு, ‘எம்மருந்தாயின் என்ன, பெண்ணிடம் சொல்லுதற்கு ஏதுமில்லை’ என்போர் உளர். இதனினும் தவறான வாசிப்பு இருத்தல் அரிது. எம்மருந்தைத் தெரியினும் ஓராண்டின் பின் கால்வாசிக்கு மேற்பட்டோர் நோவுறுகின்றனர் என்றால், அதனை முன்கூட்டியே கூறவேண்டிய கடமை பெருகுகின்றதேயன்றிக் குறையவில்லை. ஊசியே காப்பு என்று விளம்புவோரும் இதே உண்மையைத்தான் மறைக்கின்றனர். முதல் மணித்தியாலங்களின் நோவை அவ்வூசி தணிக்கும். அது சிறு நன்மையன்று. ஆனால் அதற்கப்பால் உறுதி கூற எவருக்கும் உரிமையில்லை.

சொன்னால் அஞ்சுவாள் என்பது பழைய சாட்டு. ஆங்கில எழுத்தாளர் பனி பேர்னிக்கு 1811 இல் பாரிசில் மயக்கமருந்தின்றியே மார்பு அறுக்கப்பட்டது. வேளை எதுவென்பது இறுதிவரை அவரிடம் மறைக்கப்பட்டது, அச்சம் குறையட்டும் என்று. மறு ஆண்டு அவர் தமக்கைக்கு எழுதிய மடலைப் படிப்போர் எவரும் அச்சம் குறைந்ததெனக் கூறார்.

ஒப்பக் கையெழுத்து வாங்கப்படும் தாளில் இரத்தப்பெருக்குக்கும் கிருமித்தொற்றுக்கும் இடமுண்டெனில் நோவுக்கும் இடம் வேண்டும். அக்குளை முற்றாகக் களைவது அவசியமா, முதற் கணுவை மட்டும் சோதித்தல் போதாதா, நரம்பைக் காக்க இயலுமா என்று அவள் வினவும் வேளை, கத்தி எடுக்கப்படுவதற்கு முந்திய வேளையே. மூன்று மாதம் கடந்தும் நோவு நீடித்தால் எவரிடம் செல்வது என்பதும் அத்தாளிலேயே எழுதப்படல் வேண்டும்.