வானத்தில் ஒரு கண்: யாரிடமிருந்து இந்த ரகசியம்?

வானத்திலே சர்க்கார்களின் உளவுக் கோள்கள் சுற்றுகின்றன, அவை நம் வயலையும் ஆலையையும் வீட்டு முற்றத்தையும் சதா பார்த்துக்கொண்டிருக்கின்றன, நாம் கையில் பிடித்திருக்கும் பத்திரிகையின் எழுத்தைக்கூட மேலிருந்தே படித்துவிடும் என்று டீக்கடையிலும் ஆலை வாசலிலும் பலர் பேசக் கேட்கிறோம். இதில் பாதி உண்மை, பாதி கட்டுக்கதை. அப்படி ஒரு கண் உண்டு. ஆனால் அது சர்வ வல்லமை படைத்த கண் அல்ல. அதன் பலமும் பலவீனமும் எதிரி நாட்டுத் தளபதிகளுக்கு ஓரளவு தெரியும். அதற்குக் காசு கொடுத்த ஜனங்களுக்குத்தான் தெரியாது. ஏன் இப்படி? இதைத்தான் உழைப்பாளி மக்கள் கேட்க வேண்டும் என்கிறோம்.

பொய்யோடு பிறந்த குழந்தை

1960 மே 1 அன்று சோவியத் நாட்டின் மேலே பறந்த அமெரிக்க உளவு விமானம் யு-2 சுட்டு வீழ்த்தப்பட்டது. வானிலை ஆராயப் போன விமானம் வழி தவறிவிட்டது என்று அமெரிக்க சர்க்கார் அறிக்கை விட்டது. விமானி பவர்ஸ் உயிரோடு பிடிபட்டிருக்கிறார் என்று குருஷ்சேவ் வெளியிட்டதும் அந்தப் பொய் சந்தி சிரித்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் விமானத்தின் வேலையைச் செயற்கைக் கோள் எடுத்துக்கொண்டது. உலகுக்குச் சொன்ன பெயர் 'டிஸ்கவரர்'. விஞ்ஞான ஆராய்ச்சி என்றார்கள். உள்ளே வைத்த பெயர் 'கொரோனா'. செய்த வேலை உளவு. கோளில் உள்ள கேமிரா படம் எடுக்கும். பிலிம் சுருளை ஒரு கூட்டில் வைத்துக் கீழே தள்ளும். அது பாராசூட்டில் இறங்கி வரும்போது, பசிபிக் கடலுக்கு மேலே ஒரு விமானம் நடுவானிலேயே கொக்கி போட்டுப் பிடிக்கும். இப்படி முதல் தடவை கிடைத்த ஒரே சுருள், நான்கு ஆண்டுகளில் யு-2 விமானங்கள் சோவியத் நாட்டில் படம் பிடித்த பரப்பைவிட அதிகப் பரப்பைக் காட்டிற்று. 1972 வரை 8 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். இவற்றைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று உத்தரவு வந்தது 1995இல்!

இந்தக் கோள்களை நடத்துவதற்கென்றே 1961இல் தேசிய வேவு அலுவலகம் என்ற இலாகாவை அமைத்தார்கள். அப்படி ஓர் அலுவலகம் இருக்கிறது என்று சர்க்கார் ஒப்புக்கொண்டது 1992இல். முப்பத்தோரு வருஷம், பெயரே இல்லாத ஓர் இலாகா மக்களின் வரிப்பணத்தைச் செலவழித்தது.

சோவியத் சர்க்காரும் இதே வழியில்தான் போயிற்று. 1962 ஏப்ரலில் ஏவிய 'காஸ்மாஸ்-4' விஞ்ஞானக் கோள் என்றே அறிவிக்கப்பட்டது. உண்மையில் அது 'ஜெனித்' என்னும் உளவுக் கோள். 1978 ஜனவரியில் 'காஸ்மாஸ்-954' கனடாவின் வடபகுதியில் விழுந்து கதிரியக்கத் துண்டுகளைச் சிதறிற்று. கடலில் போர்க் கப்பல்களை வேவு பார்த்த அந்தக் கோளுக்குள் ஓர் அணு உலையே இருந்தது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று நாம் எழுத மாட்டோம்.

கண்ணின் பலம் எவ்வளவு?

முதல் கொரோனா படங்களில் சுமார் 12 மீட்டருக்குக் குறைந்த பொருள் தெளிவாகத் தெரியாது. கடைசி நாட்களில் அது 2 மீட்டர் அளவுக்கு வந்தது. 1976 டிசம்பரில் ஏவிய 'கே.எச்.-11' கோளுக்குப் பிலிமே தேவையில்லை. எடுத்த படத்தை மின் அலையாக உடனுக்குடன் பூமிக்கு அனுப்பிற்று.

இன்று எவ்வளவு தெரியும்? 2012இல் வேவு அலுவலகம் தனக்கு வேண்டாதவை என்று இரண்டு தொலைநோக்கிகளை நாசாவுக்குக் கொடுத்தது. அவற்றின் கண்ணாடிக்குக் குறுக்களவு 2.4 மீட்டர். அந்த அளவுக் கண்ணாடி 250 கிலோ மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால், நடுவே காற்று கலங்காமல் இருந்தாலும்கூட, சுமார் 6 சென்டி மீட்டருக்குக் குறைந்ததைப் பிரித்துக் காட்டாது. இது ஒளியின் விதி. எந்த ஜனாதிபதியின் உத்தரவும் இதை மாற்ற முடியாது. ஆகவே பத்திரிகை எழுத்தைப் படிக்கும் என்பது கதை.

மேலும், இவ்வளவு தாழ்வாகச் சுற்றும் கோள் வினாடிக்கு 7 கிலோ மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஓர் ஊரின் மேலே சில நிமிஷம்தான் இருக்கும். மேகம் மூடினால் சாதாரணக் கேமிரா குருடு. மேகத்தையும் இருட்டையும் ஊடுருவ ரேடார் கோள்களை அமெரிக்கா 1988இலிருந்து ஏவி வருகிறது. ஆனால் அவை தருவது போட்டோ அல்ல; திரும்பி வரும் ரேடார் அலையைக் கொண்டு தீட்டிய உருவம்.

எதிரிக்குத் தெரிந்தது, குடிமக்களுக்குத் தெரியாது

ரகசியம் எதிரியிடமிருந்துதான் என்கிறார்கள். நடந்ததைப் பார்ப்போம்.

1978இல் அமெரிக்க உளவு இலாகாவில் வேலை பார்த்த கம்பைல்ஸ் என்பவர் கே.எச்.-11 கோளின் செயல்முறைப் புத்தகத்தையே 3,000 டாலருக்குச் சோவியத் ஒற்றர்களிடம் விற்றுவிட்டார். அவருக்கு 40 வருஷ ஜெயில். அன்றிலிருந்து மாஸ்கோவுக்கு விஷயம் தெரியும். ஆனால் 1984இல் மாரிசன் என்ற ஊழியர் சோவியத் கப்பல் கட்டும் தளத்தின் மூன்று படங்களை ஒரு பத்திரிகைக்குக் கொடுத்தபோது, அவரும் தண்டிக்கப்பட்டார். மாஸ்கோவுக்குத் தெரிந்த கோளின் படத்தை நியூயார்க் மக்கள் பார்ப்பது குற்றமாயிற்று!

நம் நாட்டு உதாரணமும் உண்டு. 1995 டிசம்பரில் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனைக்கு நடந்த ஏற்பாட்டை அமெரிக்கக் கோள் கண்டுபிடித்தது, வாஷிங்டன் நெருக்கியது, சோதனை நின்றது. 1998 மே மாதம் என்ன ஆயிற்று? கோள் வரும் நேரத்தைக் கணக்கிட்டு, இரவில் வேலை செய்து, விடியுமுன் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டார்கள். குண்டு வெடித்த பிறகே அமெரிக்காவுக்குத் தெரிந்தது. அணுகுண்டை நாம் கொண்டாடவில்லை. கண்ணின் பலவீனம் சர்க்கார்களுக்குத் தெரிந்தே இருந்தது என்பதைக் காட்டவே இதைச் சொல்லுகிறோம்.

2019 ஆகஸ்ட் 30 அன்று ஜனாதிபதி டிரம்ப், ஈரானில் ராக்கெட் வெடித்த தளத்தின் படம் ஒன்றைத் தாமே உலகறிய வெளியிட்டார். வானம் பார்க்கும் பழக்கமுள்ள சாதாரண மனிதர்கள் அந்தப் படத்தின் கோணத்தையும் நிழலையும் கணக்கிட்டு, எடுத்த கோள் எது என்று சொல்லிவிட்டார்கள். சுமார் 10 சென்டி மீட்டர், அதாவது அரைச் சாண் அளவுப் பொருள்கூட அதில் தெரிகிறது என்றும் மதிப்பிட்டார்கள். சிறிய ஊழியனுக்கு ஜெயில். பெரிய பதவிக்காரர் வெளியிட்டால் அது அதிகாரம்!

இந்தக் கோள்களைச் செய்தவர்கள் யார்? தொழிலாளர்கள். 'ஹெக்ஸகன்' என்ற கோளில் ஏறத்தாழ 60 மைல் நீளப் பிலிம் இருந்தது. அதன் கேமிராவை டான்பரி நகரில் ஓர் ஆலையின் தொழிலாளர்கள் செய்தார்கள். என்ன வேலை செய்கிறோம் என்று மனைவி மக்களிடம்கூட அவர்கள் சொல்ல முடியவில்லை. கடைசிக் கோள் 1986இல் போயிற்று. வாய் திறக்க அனுமதி 2011இல்தான் வந்தது. அதற்குள் கண் மூடியவர்கள் தம் உழைப்பின் பெருமையைச் சொல்லாமலே போனார்கள்.

இருட்டில் எழுதிய கணக்கு

1960 தேர்தலில், சோவியத் ஏவுகணைகள் அமெரிக்காவை மிஞ்சிவிட்டன என்ற பீதியைக் கிளப்பினார்கள். 1961 செப்டம்பரில் கொரோனா படங்களை வைத்து மதிப்பிட்டால், கண்டம் தாண்டும் ஏவுகணைத் தளங்கள் 10 முதல் 25 வரைதான்! அமெரிக்காவே பலத்தில் மேலானது என்று அடுத்த மாதம் ராணுவ இலாகாவின் துணை மந்திரி பேசினார். எப்படித் தெரியும் என்பதை மட்டும் மறைத்தார். படத்தை மக்கள் பார்க்கவில்லை. 'மினிட்மன்' ஏவுகணைகளோ ஆயிரம் வரை பெருகின.

2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளிநாட்டு மந்திரி பவல் ஐ.நா. சபையில் கோள் படங்களைக் காட்டி, இது ரசாயன ஆயுதக் கிடங்கு, இது அதைச் சுத்தம் செய்யும் லாரி என்றார். ஒன்பது நாள் கழித்து, ஐ.நா. பரிசோதகர் பிளிக்ஸ் அது வழக்கமான போக்குவரத்தாகவும் இருக்கலாம் என்றார். கேட்டார்களா? மார்ச்சில் யுத்தம் தொடங்கிற்று. 2004இல் அமெரிக்காவின் சொந்தப் பரிசோதகர்களே, அத்தகைய ஆயுதக் குவியல் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். படத்தில் லாரி லாரியாகத்தான் இருந்தது. அதற்கு எழுதிய விளக்கம்தான் பொய். அந்தப் பொய்க்கு ஈராக் மக்கள் ரத்தத்தால் விலை கொடுத்தார்கள்.

2001 அக்டோபரில் ஆப்கானிஸ்தானத்தில் குண்டு விழுந்தபோது, 'ஐகோனாஸ்' என்ற தனியார் கோள் எடுக்கும் அந்நாட்டுப் படங்கள் முழுவதையும் மாதம் சுமார் 19 லட்சம் டாலர் கொடுத்து அமெரிக்க ராணுவ இலாகா வாங்கிக்கொண்டது. சட்டப்படி தடை போடவில்லை. காசு கொடுத்துக் கண்ணை மூடிற்று. குண்டு எங்கே விழுந்தது என்று பத்திரிகைகள் பார்க்க வழியில்லாமல் போயிற்று.

2013இல் வெளியான ரகசியக் கணக்கின்படி, வேவு அலுவலகத்துக்கு மட்டும் அந்த ஆண்டு ஒதுக்கியது 1,030 கோடி டாலர். இது யார் வீட்டுப் பணம்?

மரக்கால் யார் கையில்?

பண்ணையார் வீட்டுக் களத்தில் நெல் அளக்கும்போது, மரக்காலை அவரே வைத்திருந்தால், அளவையும் அவரே கூப்பிட்டால், நம்மைப் பார்க்கவும் விடாவிட்டால் கூலி சரியாக வருமா? உளவுக் கோள் விஷயமும் இதுதான். கண் கெட்டதல்ல. 1972 ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தங்களை இரு தரப்பும் மீறாமல் பார்த்துக்கொண்டதும் இதே கோள்கள்தான். வெளியான கொரோனா படங்களைக் கொண்டு விஞ்ஞானிகள் இன்று பனிமலை உருகுவதையும் புதைந்த பழைய ஊர்களையும் ஆராய்கிறார்கள். வெளிச்சத்துக்கு வந்த பிறகு அதே படம் மனித குலத்தின் சொத்தாகிறது.

நம் நாடும் 2001 அக்டோபரில் 'டெஸ்' என்ற கோளை ஏவிற்று. ஒரு மீட்டர் அளவுப் பொருளைக் காட்டும் திறன் அதற்கு உண்டு. அதன் பிறகு மேலும் கூரிய கோள்கள் வந்திருக்கின்றன. ஆகவே வாஷிங்டனைக் கேட்கும் கேள்வியை டில்லியையும் கேட்கிறோம்.

படத்தைக் காட்டி யுத்தத்துக்கு ஆள் கேட்கிறீர்களா? முழுப் படத்தையும் ஜனங்கள் முன் வையுங்கள்; மாற்றுக் கருத்துச் சொல்லும் நிபுணரையும் பேச விடுங்கள். பழைய படங்களைக் காலவரையறை வைத்துத் தாமாகவே வெளியிடுங்கள். செலவுக் கணக்கைப் பார்லிமெண்டில் பகிரங்கமாக வையுங்கள். யுத்தம் வந்தால் சாகப் போவது நம் பிள்ளைகள். எதைப் பார்த்து அனுப்புகிறீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.