மலைக்கு ஓடுவது மார்க்கமா?



மடிக்கணினியும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்னும் நிலை, 2020-ஆம் ஆண்டின் ஊரடங்குக்குப் பின் நம் பிள்ளைகள் பலருக்கு வாய்த்திருக்கிறது. அவர்களுள் சிலர் கொடைக்கானலிலும் கோத்தகிரியிலும் குடியேறுகின்றனர். குளிர்ந்த காற்றை நாடுவது ஹராமன்று. ஆனால் அதற்கு மார்க்கப் போர்வை போர்த்துகிறார்களே, அதை ஏற்க இயலவில்லை.

அவர்கள் காட்டும் ஆதாரம், அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவித்து ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்ற நபிமொழி. குழப்பங்களிலிருந்து தம் மார்க்கத்தைக் காத்துக்கொள்ள ஆடுகளுடன் மலையுச்சிக்குச் செல்பவரைப் பற்றி அது பேசுகிறது. அவர் உலகைத் துறந்து, ஆடுகளோடு சென்றார். நம்மவரோ அதே சம்பளம், அதே கைபேசி, அதே நள்ளிரவு அலுவல் கூட்டம் என அனைத்தையும் மலைமீது ஏற்றிச் செல்கிறார். அவர் அஞ்சிய ஃபித்னா, இணையக் கம்பி வழியே அவருக்கு முன்பாகவே வீடு சேர்ந்துவிடுகிறது. அப்படியானால் அவர் எதை விட்டு ஓடினார்?

முதலில், ஜமாஅத்தை. கூட்டுத் தொழுகைக்கு 27 மடங்கு சிறப்பு என்பதைச் சிறு வயதிலேயே ஓதியவர்கள் நாம். மந்தையை விட்டு விலகிய ஆட்டையே ஓநாய் தின்னும் என்ற எச்சரிக்கையும் நபிமொழிதான். மலை ஆட்டைச் சொல்பவர்கள் இந்த ஆட்டை மறந்துவிடுகிறார்கள். கொடைக்கானலில் பள்ளிவாசல் இருக்கிறது. ஆனால் இயற்கைக் காட்சிக்காகத் தேர்ந்த வீடோ பாங்கோசை எட்டாத சரிவில் இருக்கிறது. ஜும்ஆவுக்கு மட்டும் கார் இறங்கிவருகிறது. பிள்ளைகளின் மத்ரஸா கைபேசித் திரைக்குள் சுருங்கிவிடுகிறது.

அடுத்து, பெற்றோரை. முதுமையடையும் பெற்றோரைப் பற்றிப் பேசும் 17:23 வசனத்தில் "உன்னிடத்தில்" என்னும் பொருள்படும் சொல் ஒன்று உண்டு. முதுமை பிள்ளையின் அருகில் கழிய வேண்டும் என்பதை அச்சொல்லே உணர்த்தவில்லையா? வாப்பாவுக்கு இரவில் மூச்சுத் திணறினால், வத்தலக்குண்டுக்கு இறங்கும் மலைப்பாதையின் வளைவுகளைக் காணொளி அழைப்பு குறைத்துவிடாது. மாதந்தோறும் பணம் வரும். மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் கை வராது.

மூன்றாவது, போய்ச்சேரும் இடத்து மக்களின் உரிமை. மலை காலி மனையன்று. தோட்டத் தொழிலாளரும் சிறு விவசாயிகளும் பழங்குடியினரும் வாழும் ஊர் அது. நகரத்துச் சம்பளம் வாடகையை உயர்த்தினால் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியருக்கு வீடு கிடைக்காது. கோடையில் கொடைக்கானலுக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு புதிதன்று. வாகன நெரிசல் தாங்காமல் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை நாம் அறிவோம். அண்டை வீட்டாரை வாரிசாக்கிவிடுவார்களோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திய மார்க்கம் நம்முடையது. அண்டை வீட்டாரின் பெயரே தெரியாமல் மலையில் வாழ்வது எந்த சுன்னத்?

ஹிரா குகையையும் சிலர் சொல்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் அங்கே தனித்திருந்தது வஹீ வருவதற்கு முன். வஹீ வந்ததும் மலையிலிருந்து இறங்கினார்கள். கதீஜா (ரலி) அவர்களிடமும் பின்னர் மக்களிடமும் வந்தார்கள். மக்கள் தந்த துன்பத்தைத் தாங்கி அவர்கள் நடுவிலேயே வாழ்ந்தார்கள்.

போக வேண்டுமா? போங்கள். பள்ளிவாசலுக்கு நடந்து செல்லும் தூரத்தில் வீடு பாருங்கள். பெற்றோரின் மனம் ஒப்பினால் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒப்பாவிட்டால் நிய்யத்தை மறுபடி எடைபோடுங்கள். அவ்வூர் ஜமாஅத்தில் சேர்ந்து சந்தா கட்டி, ஜனாஸாவுக்குத் தோள் கொடுங்கள். இவை இயலாதெனில், காற்று மாற்றத்துக்குப் போகிறேன் என்று நேர்மையாகச் சொல்லுங்கள். மார்க்கத்தைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் நிய்யத்துகளைச் சீராக்குவானாக. ஆமீன்.