ரக்பி அணியும் ஓர் அலுவலகம்தான்

2014 அக்டோபர் 18, பிரிஸ்பேன். ஆஸ்திரேலியாவின் வாலபீஸ் அணி, நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணியை வீழ்த்தப் போகிறது என்று அரங்கம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. 28-22 என்ற முன்னிலை. கடைசி நிமிடத்தில் மலாக்காய் ஃபெகிடோவா கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தார். அதன்பின் கோலின் ஸ்லேட் உதைத்த உதை கம்பங்களுக்கு நடுவே போனது. 29-28. ஒரே ஒரு புள்ளி! ஆனால் அன்றைய பெரிய செய்தி அதுவல்ல. ஆட்டம் முடிந்ததும் பத்திரிகையாளர்கள் முன் வந்து உட்கார்ந்த பயிற்சியாளர் யூவன் மெக்கென்சி, தான் ராஜினாமா செய்துவிட்டதாகச் சொன்னார். ராஜினாமாவை அன்று காலையிலேயே கொடுத்துவிட்டாராம். அதாவது அந்தத் தோல்விக்கும் அவர் போனதற்கும் சம்பந்தமே இல்லை.

பதினைந்து பேர் ஒரு பக்கம், பதினைந்து பேர் மறுபக்கம், முட்டை வடிவப் பந்து, கவசம் இல்லாமல் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்து விழுவது... ரக்பி பற்றி இவ்வளவு தெரிந்திருந்தால் போதும். இது ஆட்டத்தைப் பற்றிய கதை அல்ல. ஒரு கைப்பேசி, ஒரு விமானம், மூன்று பேரின் வேலை இவற்றைப் பற்றியது.

கர்ட்லி பீல் அந்த அணியின் மிகத் திறமையான ஆட்டக்காரர்களில் ஒருவர். கூடவே தகராறுகளும் வந்துகொண்டிருந்தன. 2013 மார்ச்சில் மெல்போர்ன் ரெபல்ஸ் அணிக்கு ஆடியபோது, டர்பனில் 64-7 என்று படுதோல்வி அடைந்த இரவு, அணிப் பேருந்திலேயே சக வீரர்களோடு கைகலப்பு. பாதிச் சுற்றுப்பயணத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு ஜூனில், பிரான்ஸுக்கு எதிரான தொடரின்போது, உடல்பருமனான பெண்களின் படத்தோடு ஆபாசமான ஒரு கேலியைக் கைப்பேசியில் அனுப்பினார். கேலிக்கு ஆளானவர் அந்த அணியின் வணிக மேலாளராக இருந்த பெண். சக வீரர்களுக்குப் போக வேண்டிய அது, தவறுதலாக அந்தப் பெண்ணுக்கே போய்ச் சேர்ந்தது. (அவர் பெயர் இங்கே தேவையில்லை. அந்த அக்டோபரில் பத்திரிகைகள் அதைப் போதும் போதும் என்கிற அளவுக்கு அச்சடித்துவிட்டன.)

பீல் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் முறையான புகார் எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்தால் அந்தப் பையனின் ஆட்ட வாழ்க்கை முடிந்துவிடும் என்று அவர் தயங்கியதாகப் பின்னால் செய்திகள் வந்தன. இருக்கலாம். ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அவர் புகார் கொடுக்க நினைத்திருந்தால், யாரிடம் கொடுத்திருப்பார்?

அவருக்கும் பயிற்சியாளர் மெக்கென்சிக்கும் நெடுநாள் பழக்கம். மெக்கென்சி குயின்ஸ்லாந்து ரெட்ஸ் அணியில் இருந்தபோதே (அந்த அணி 2011இல் சூப்பர் ரக்பி கோப்பையை வென்றது) அவரும் அங்கே வேலை பார்த்தவர். மெக்கென்சி 2013இல் வாலபீஸ் பொறுப்புக்கு வந்தபின் இவரும் வந்தார். வீரர்களின் சீருடை, பயணம், விளம்பரதாரர்களுக்கான கடமைகள் என்று யாருக்கும் பிடிக்காத கண்டிப்பு வேலைகள் அவர் கையில் இருந்தன. அவருக்கு இருந்த செல்வாக்கு சில வீரர்களுக்கு உறுத்தியது என்றும் அப்போது எழுதினார்கள். இந்த நிலையில் அவர் பயிற்சியாளரிடம் போனால், 'தன் ஆளிடம் போய்ப் போட்டுக்கொடுத்துவிட்டாள்' என்பார்கள். போகாவிட்டால் விஷயம் புதைந்துவிடும். நேராக வாரியத்திடம் போனால், அணியைக் காட்டிக்கொடுத்தவர் என்று பெயர். எந்தக் கதவைத் தட்டினாலும் அடி அவருக்குத்தான்.

அவர் புதைத்தார். மூன்று மாதம் கழித்து அது வேறு வடிவில் மேலே வந்தது.

செப்டம்பர் 27 அன்று கேப் டவுனில் தென்னாப்பிரிக்காவிடம் 28-10 என்று தோற்றுவிட்டு, அணி அர்ஜென்டினாவுக்குக் கிளம்பியது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சாவ் பாவ்லோவுக்குப் போகும் விமானத்தில் பீலுக்கும் மேலாளருக்கும் கடும் வாக்குவாதம். ஆரம்பம் என்னவோ உடை பற்றிய பேச்சுதான், அணி உடையைச் சரியாகப் போடவில்லை என்று. ஒரு சட்டைக்காக இவ்வளவா என்று தோன்றும். அலுவலகச் சண்டைகள் எப்போதுமே அப்படித்தான். சண்டை நாற்காலிக்காகவோ ஏசிக்காகவோ நடப்பதாகத் தெரியும், உள்ளே வேறொன்று மாதக்கணக்கில் புழுங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பெண் சாவ் பாவ்லோவிலிருந்தே ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினார். அக்டோபர் 4 அன்று மெண்டோசாவில் வாலபீஸ் 21-17 என்று தோற்றது. ரக்பி சாம்பியன்ஷிப் தொடரில் அர்ஜென்டினாவுக்கு அதுதான் முதல் வெற்றி. ஜூன் மாதத்துச் செய்தியும் வெளியே வந்துவிட்டது.

இனிதான் வேடிக்கை. (வேடிக்கை என்பதும் தவறான சொல்.) செய்தியை அனுப்பியவர் பீல். ஆனால் அடுத்த பத்து நாட்கள் ஆராயப்பட்டது யார் தெரியுமா? அந்தப் பெண். அவருக்கு என்ன தகுதி, எப்படி இந்த வேலை கிடைத்தது, பயிற்சியாளருக்கும் அவருக்கும் என்ன உறவு... கடைசியில் நாட்டின் தேசிய அணிப் பயிற்சியாளரிடம், பத்திரிகையாளர் கூட்டத்தில், அவரோடு உங்களுக்கு நெருக்கமான உறவு உண்டா என்றே கேட்டுவிட்டார்கள். இல்லை என்றார் மெக்கென்சி. ஓர் ஆணும் பெண்ணும் பல வருடம் சேர்ந்து வேலை பார்த்தால் அதற்கு இந்த ஒரே விளக்கம்தான் உண்டு என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சிட்னியிலும் இருந்தார்கள்.

அந்தப் பெண் ராஜினாமா செய்தார். பின்னாலேயே மெக்கென்சியும் போனார். 22 டெஸ்ட், 11 வெற்றி, 10 தோல்வி, ஒரு சமன். அதற்கு நாலு நாள் கழித்து மைக்கேல் செய்க்கா புதிய பயிற்சியாளர் ஆனார்.

அக்டோபர் 24 அன்று பீல் விஷயம் சுயேச்சையான விசாரணைக் குழு முன் வந்தது. ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும் என்பது வாரியத்தின் நிலை. குழுவோ, நடத்தை விதிகளைக் கடுமையாக மீறியிருக்கிறார், ஆனால் வேலையை விட்டு நீக்கும் அளவுக்கு இல்லை என்று முடிவு செய்து, 45,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நவம்பரில் செய்க்கா அவரை ஐரோப்பியச் சுற்றுப்பயணத்துக்கு அழைத்துக்கொண்டார். 2015 உலகக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை போன அணியில் பீலும் இருந்தார்.

விசாரணைக் குழு தவறு செய்துவிட்டது என்று சொல்வது சுலபம். அப்படிச் சொல்ல முடியாது. பீலுக்குப் பின்னால் வீரர்கள் சங்கம் நின்றது. நிற்கத்தான் வேண்டும். மன்னிப்புக் கேட்ட ஒருவனின் பிழைப்பை, தொலைக்காட்சியில் சத்தம் அதிகமாகிவிட்டது என்பதற்காகப் பறிக்கக்கூடாது. ஊர் கத்துவதற்கு ஏற்ப நிர்வாகம் ஆடினால், நாளைக்கு எந்தத் தொழிலாளிக்கும் பாதுகாப்பு இல்லை. வக்கீல், சங்கம், விசாரணை, ஆதாரம் என்று எல்லாம் முறைப்படி நடந்தது நல்ல விஷயம்.

கேள்வி அதுவல்ல. அந்த முறையெல்லாம் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏன் இருந்தது?

ரக்பி யூனியன் அதிகாரபூர்வமாகத் தொழில்முறை ஆட்டமானது 1995 ஆகஸ்டில்தான். அதுவரை மேல்மட்டத்தில் ஆடியவர்கள் ஆசிரியர், போலீஸ்காரர், விவசாயி என்று வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்கள். சுற்றுப்பயணம் என்றால் குடி, கேலி, கும்மாளம். பயணத்தில் நடந்ததைப் பயணத்தோடு விட்டுவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். கூட்டாளிகள் கூடிய இடத்தில் அது எப்படியோ ஓடியது. 1995க்குப் பிறகு சம்பளம் வந்தது, ஒப்பந்தம் வந்தது, வீரர்கள் சங்கம் வந்தது. அணியோடு மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், வீடியோ பார்ப்பவர், ஊடக அதிகாரி, வணிக மேலாளர் என்று ஒரு பட்டாளம் வந்தது. ஆனால் டிரெஸ்ஸிங் ரூமின் பழைய சட்டம் மட்டும் அப்படியே கூட வந்துவிட்டது. பந்தைத் தொடாதவர்களுக்கும் அது அலுவலகம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. ஒரு வங்கியில் பணிபுரியும் பெண்ணைப் பற்றி இப்படி ஒரு படம் சுற்றினால் அது கேலியா குற்றமா என்று யாரும் பட்டிமன்றம் நடத்தமாட்டார்கள். இங்கே நடத்தினார்கள்.

தண்டனைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். 2012இல் க்வேட் கூப்பர், வாலபீஸ் அணியின் சூழல் நச்சுத்தன்மை கொண்டது என்று வெளிப்படையாகப் பேசினார். அவருக்கு 60,000 டாலர் அபராதம், அதில் 20,000 நிறுத்திவைப்பு. ஆக, நிர்வாகத்தைக் குறை சொன்னதற்குக் கையிலிருந்து போனது 40,000. உடன் பணிபுரியும் பெண்ணை அசிங்கமாகக் கேலி செய்ததற்கு 45,000. கிட்டத்தட்ட ஒரே விலை! 2013இல் பெர்த் விமான நிலையத்தில் நடந்த ஒரு தகராறுக்குப் பிறகு ஜேம்ஸ் ஓ'கானர் ஒப்பந்தத்தையே இழந்தார். அதே ஆண்டு நவம்பரில் டப்ளினில் இரவு வெகுநேரம் குடித்துக்கொண்டிருந்ததற்காக மெக்கென்சி 15 பேர் மீது நடவடிக்கை எடுத்தார், அதில் ஆறு பேருக்கு ஒரு டெஸ்ட் தடை. 2019இல் இஸ்ரேல் ஃபொலாவ் ஓரினச்சேர்க்கையாளர்கள் உள்ளிட்டோர் நரகத்துக்குப் போவார்கள் என்று இன்ஸ்டாகிராமில் எழுதியபோது, விளம்பரதாரர்கள் முகம் சுளித்தார்கள், மே மாதம் ஒப்பந்தம் ரத்தானது. (அவர் வழக்குப் போட்டார், டிசம்பரில் சமரசம் ஆனது.)

இவை ஒவ்வொன்றும் வேறு வேறு சூழல், வேறு வேறு ஆட்கள். ஃபொலாவுக்கு அதற்கு முந்தைய ஆண்டே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் ஒரு சாயல் தெரிகிறது. அணியின் பெயரோ பணமோ ஆட்டத் தயாரிப்போ கெடும்போது நிர்வாகத்தின் கை வேகமாக நீள்கிறது. நாலு சுவருக்குள் ஓர் ஊழியர் அவமானப்படும்போது அது 'நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' வகையில் சேர்ந்துவிடுகிறது. 2014 ஜூனுக்கும் அக்டோபருக்கும் இடையில் குற்றம் மாறவில்லை. படமும் அதேதான், வார்த்தையும் அதேதான். மாறியது, அதைப் பத்திரிகை பார்த்துவிட்டது என்பது மட்டும்.

மெக்கென்சி மேல் தவறே இல்லையா? உண்டு. தனக்கு நெருக்கமான ஒருவரிடம் கண்டிப்பு வேலையை எல்லாம் கொடுத்தால், வீரர்களுக்கு அவர் மேல் வரும் எரிச்சல் பயிற்சியாளரின் மேலும் ஏறும், அவர் மேல் வரும் குறை எதையும் யாரும் நேராகப் பேசவும் மாட்டார்கள். அந்த மேலாளரின் நிர்வாகம் பற்றி வீரர்களுக்கு நியாயமான குறைகளே இருந்திருந்தாலும், அவற்றைச் சொல்ல அவர்களுக்கும் இடமில்லை. அந்த விதத்தில் இரண்டு தரப்பும் ஒரே சந்தில்தான் மாட்டிக்கொண்டன. சந்தை விட்டு வெளியே வந்தபோது ஒரு தரப்புக்குச் சங்கமும் வக்கீலும் இருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பயிற்சியாளருக்கும் பதில் சொல்ல வேண்டாத, தேர்வுக் குழுவுக்கும் பயப்பட வேண்டாத ஓர் ஆள் அந்தச் சுற்றுப்பயணத்தில் இருந்திருந்தால் போதும். ஜூனிலேயே புகார் பதிவாகியிருக்கும். பீலுக்கு அப்போதே ஓர் அபராதமோ இரண்டு ஆட்டத் தடையோ கிடைத்திருக்கும், அவருக்கும் அது இவ்வளவு பெரிய அசிங்கமாக ஆகியிருக்காது. மேலாளர் தன் வேலையைத் தொடர்ந்திருப்பார். பிரிஸ்பேனில் ஒரு புள்ளியில் தோற்ற அன்று மெக்கென்சி ஆட்டத்தைப் பற்றிப் பேசியிருப்பார்.

நடந்தது வேறு. ராஜினாமா செய்த பதினைந்து மாதப் பயிற்சியாளரின் கதையைப் பத்திரிகைகள் விரிவாக அலசின. பீலின் மறுவருகையை அதைவிட விரிவாக எழுதின. அந்த நவம்பரில் அணி ஐரோப்பாவில் சுற்றியபோது, யார் எந்தச் சட்டை போட வேண்டும் என்று சொல்லும் வேலையை வேறு யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.