பிள்ளைகளுக்குச் சமையலையும் பழக்குவோம்

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சமைக்கத் தெரியாது, கடைச் சாப்பாட்டிலேயே காலத்தைக் கழிக்கிறார்கள்." எமது கிராமங்களில் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்பிள்ளை காலையில் ஒரு ரோல்சும் தேநீரும், மத்தியானம் ஒரு பார்சல். அறிவியல்நகரிலோ பம்பைமடுவிலோ அறை எடுத்துப் படிக்கும் மாணவனுக்கு இரவில் கொத்துரொட்டி அல்லது நூடில்ஸ். மேசன் வேலைக்குப் போகும் இளைஞனுக்குப் பாணும் பருப்பும். மாத முடிவில் எண்ணிப் பார்த்தால் உழைத்ததில் பெரும்பகுதி கடைக்காரரிடம் போயிருக்கும். உடம்பிலும் தெம்பு இருக்காது.

குறை உண்மைதான். ஆனால் அதைப் பிள்ளைகளின் சோம்பல் என்று சொல்லி முடித்துவிட நாம் உடன்படவில்லை. அவர்களுக்கு ஏன் சமைக்கத் தெரியாமற் போயிற்று என்பதை முதலில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சமையல் புத்தகம் படித்துப் பழகும் வேலையல்ல. தாயின் பக்கத்தில் குந்தியிருந்து, தேங்காய் துருவிக் கொடுத்து, அடுப்பை ஊதி, உப்புப் பார்த்துப் பழகுவது. அதற்கு ஒரே அடுப்படியில் பல ஆண்டுகள் இருக்க வேண்டும். எமது பிள்ளைகளுக்கு அந்த அடுப்படி கிடைக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்திலிருந்து புறப்பட்ட குடும்பங்களில் பல பின்னர் வன்னிக்கு வந்தன. 1996 இல் கிளிநொச்சி நகரத்துச் சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று சிதறியது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் மன்னார் எல்லை தொடங்கி முள்ளிவாய்க்கால் வரை ஊர் ஊராக நடந்தோம். அதன்பின் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்கள். தொடக்கத்தில் பொதுச் சமையலில் வாளியோடு வரிசை. பின்பு அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று உலருணவு நிவாரணம். 2012 செப்டெம்பரில்தான் அம்முகாம்கள் மூடப்பட்டன.

2009 இல் ஐந்து, பத்து வயதாயிருந்த பிள்ளைகளே இன்று உழைக்கும் வயதில் நிற்கிறார்கள். கீரை எங்கே முளைக்கும், எந்தக் கிழங்கை எப்படி அவிப்பது என்று அறியவேண்டிய வயதில் அவர்கள் அறிந்தது வரிசையை. மீள்குடியேறிய பின்னரும் பல வீடுகளில் தாய் ஒருத்தியே உழைத்தாள். அவளுக்குச் சமைக்க நேரமிருந்தது, சொல்லிக்கொடுக்க நேரமிருக்கவில்லை. வீடும் வயலும் இடம்பெயர்ந்ததைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அடுப்படியின் அறிவும் அவற்றோடு இடம்பெயர்ந்தது என்பதை நாம் போதியளவு எண்ணவில்லை. திருத்திக் கட்டிய வீட்டுக்குள் அந்த அறிவு தானாகத் திரும்பி வராது.

இதனால் வரும் நட்டம் என்ன?

முதலாவது பணம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. முதலாண்டு நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு அடுத்த ஆண்டு ஏறத்தாழ இருநூறு ரூபா தேவைப்பட்டது என்பதே அதன் கருத்து. அதன்பின் விலை ஏறும் வேகம் குறைந்தது. விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அந்நாட்களில் கோதுமை மாவும் எரிவாயுவும் இல்லாமல் பட்டணங்கள் திண்டாடின. வீட்டில் நெல்லும் வளவில் முருங்கையும் அவற்றைச் சமைக்கத் தெரிந்த ஒருவரும் இருந்த குடும்பம் ஓரளவு சமாளித்தது.

இரண்டாவது, கோதுமை மாவுக்கு அடிமையாவது. இது நேற்றுத் தொடங்கியதல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 இல், இலங்கையில் அரிசிப் பங்கீடு வந்தபோது பாண் பல வீடுகளுக்குள் நுழைந்தது. 1980 இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கிய பின் கோதுமை மா மூலைமுடுக்குக் கடைகளுக்கும் எட்டியது. நிவாரணமும் அதையே கொண்டுவந்தது. கோதுமை இந்நாட்டில் விளைவதில்லை, கப்பலில் வரவேண்டும். அவசரத்துக்கு ஒரு றாத்தல் பாண் வாங்குவதில் தவறில்லை. ஆனால் நெல் விளைவிக்கும் வன்னிக் குடும்பம் நெல்லை அறுவடைக் களத்திலேயே ஈரத்தோடு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, ஆண்டு முழுவதும் பாணும் ஆலை அரிசியும் வாங்கித் தின்பது எந்தக் கணக்கிலும் அடங்காது.

கணக்கைப் பார்ப்போம். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 110 முதல் 120 கிலோ அரிசி தேவை. நெல்லைக் குற்றினால் மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாகும். ஆகவே நான்கு பேருள்ள குடும்பத்துக்கு 700 கிலோ நெல் போதும். காலபோக விளைச்சலில் இதனை முதலில் ஒதுக்கிக் காயவைத்துவிட்டு மீதியை விற்பதே புத்தி. அவித்துக் குற்றிய சிவப்பரிசியாக இருந்தால் இன்னும் நல்லது. மொட்டைக்கறுப்பன் போன்ற நெல்லை எமது பாட்டன்மார் விரும்பியது சுவைக்காக மட்டுமல்ல. அந்தச் சோறு நெடுநேரம் பசி தாங்கும்.

"எல்லாம் சரி, பிள்ளைக்கு நேரமெங்கே?" என்று கேட்பீர்கள். இது நியாயமான கேள்வி. விடியப்புறம் பஸ் ஏறி இருட்டிய பின் வீடு வருபவளிடம் மூன்று கறியும் சோறும் சமை என்று சொல்வது இரக்கமில்லாத பேச்சு. அவர்களுக்குப் பழக்க வேண்டியது கலியாண வீட்டுச் சமையலை அல்ல. ஒரே பானையில், அரை மணி நேரத்தில், வளவிலும் ஊர்ச் சந்தையிலும் கிடைப்பதைக் கொண்டு செய்யும் ஐந்தாறு உணவுகள் தெரிந்தாலே ஒருவர் பசியின்றி வாழலாம்.

பயற்றங்கஞ்சி ஒன்று. ஒரு சுண்டு அரிசியும் கால் சுண்டு பயறும் சேர்த்து அவித்து, உப்பும் தேங்காய்ப்பாலும் விட்டால் இரண்டு மூன்று பேருக்கு ஒரு வேளை முடிந்தது. அரிசியும் பயறும் ஒன்றுக்கொன்று குறைநிரப்பும் புரதம் உடையவை. இறக்குமுன் ஒரு பிடி முருங்கை இலையோ முசுட்டை இலையோ போட்டால் கறிகூடத் தேவையில்லை.

அரிசிமாப் புட்டு இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கான மாவை வறுத்து, அரித்து, ஆறவிட்டு மூடி வைத்தால் காலையில் இருபது நிமிடத்தில் புட்டு அவியும். குரக்கன் மாவைக் கலந்தும் அவிக்கலாம். முதல்நாட் கறியைச் சூடாக்கியோ வாழைப்பழத்தோடோ சாப்பிடலாம். மூன்றாவது, இரவில் ஊறவைத்த கௌபியைக் காலையில் அவித்து, வெங்காயமும் செத்தல்மிளகாயும் தாளித்து, தேங்காய்ப்பூப் போட்டு எடுப்பது. நான்காவது, மரவள்ளிக்கிழங்கும் சம்பலும். கிழங்கின் தோலை நன்றாக உரித்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். ஐந்தாவது, சோற்றுக்கு ஒரு சொதியும் ஒரு கீரை வறையும். வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், தேங்காய்ப்பால், தேசிக்காய்ப் புளி இருந்தால் பத்து நிமிடத்தில் சொதி வந்துவிடும். கையில் காசுள்ள நாளில் குளத்து மீனோ நெத்தலிக் கருவாடோ சேரட்டும்.

ஒரு சிறிய விடயத்தையும் சொல்ல வேண்டும். கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளத் தேசிக்காய்ப் புளி உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேயிலைத் தண்ணீர் அதைத் தடுக்கும். தேநீரை ஒரு மணி நேரம் பிந்திக் குடிப்பதற்குச் செலவேதும் இல்லை.

நேரத்தையும் விறகையும் மிச்சப்படுத்த எமது வயலிலேயே ஒரு பொருள் கிடக்கிறது. அது வைக்கோல். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய வீடுகளில் எரிபொருளைச் சேமிக்க வைக்கோற் பெட்டியில் சமைத்தார்கள். ஒரு மரப்பெட்டியிலோ தடித்த கடதாசிப் பெட்டியிலோ அடியிலும் சுற்றிலும் ஒரு சாண் அளவுக்கு உலர்ந்த வைக்கோலை இறுக்கி அடைந்து, நடுவில் பானைக்குக் குழி விடுங்கள். அரிசியையோ கஞ்சியையோ பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து, மூடியோடு உடனே குழிக்குள் இறக்கி, மேலே வைக்கோல் திணித்த தலையணையால் மூடுங்கள். பானைக்குள் அடங்கிய சூட்டிலேயே ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அது வெந்துவிடும். ஊறவைத்த பயறுக்குக் கால் மணி நேரக் கொதியும் மூன்று மணி நேரப் பெட்டியும் வேண்டும். வேலையால் வந்தவள் பானையை இறக்கிவைத்துவிட்டுக் குளித்து, உடுப்புத் துவைத்து வரலாம்; அடுப்புக்குக் காவல் இருக்கத் தேவையில்லை. பானை நிறைய இருந்தாற்தான் சூடு நிற்கும். பெட்டியை நெருப்புக்குக் கிட்ட வைக்கக்கூடாது. மீன், இறைச்சியை இப்படிச் சமைக்க வேண்டாம். இரவு முழுவதும் விட்டுவைக்கவும் கூடாது. ஆறியிருந்தால் மறுபடி கொதிக்கவைத்தே உண்ண வேண்டும்.

இங்கே நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. "பிள்ளைகள்" என்று நாம் சொல்வது பெண்பிள்ளைகளை மட்டுமல்ல. தங்கை தொழிற்சாலையில் நின்று வீடு வந்து அடுப்பை மூட்ட, தமையன் கைபேசியோடு திண்ணையில் காத்திருக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறது. வயலில் காவலிருக்கும் ஆணும் கடலுக்குப் போகும் ஆணும் தமக்குத் தாமே சமைத்துத் தின்றவர்கள்தான். கொழும்புக்கும் கட்டாருக்கும் வேலைக்குப் போகும் எமது பொடியன்கள் அங்கே கூட்டுச் சமையல் செய்துதான் காசு மிச்சம்பிடிக்கிறார்கள். அங்கே செய்ய முடிவதை வீட்டில் செய்ய ஏன் வெட்கம்?

பாரம்பரிய உணவை இளையோர் விரும்புவதில்லை என்ற பேச்சையும் நாம் ஏற்கவில்லை. வடக்கு மாகாண விவசாய அமைச்சின் முயற்சியால் எமது மாவட்டங்களில் தொடங்கப்பட்ட "அம்மாச்சி" உணவகங்களை வாசகர்கள் அறிவார்கள். அங்கே பெண்கள் கண்முன்னே சமைத்துக் கொடுக்கும் குரக்கன் புட்டையும் கூழையும் இலைக்கஞ்சியையும் வாங்கி உண்பவர்களில் எத்தனையோ இளையவர்கள் உண்டு. விருப்பம் இருக்கிறது. கையில் பழக்கம்தான் இல்லை.

இதற்குக் குடும்பம் மட்டும் பொறுப்பல்ல. வேலை கொடுப்போர், கொண்டுவந்த சோற்றுப் பெட்டியைச் சூடாக்கவும் இருந்து உண்ணவும் வசதியும் போதிய இடைவேளையும் கொடுக்க வேண்டும். காணி இன்னும் கைக்கு வராத குடும்பங்களுக்கு "வளவில் முருங்கை நடு" என்று புத்தி சொல்வதால் பயனில்லை. அவர்களது நிலம் அவர்களிடம் திரும்ப வேண்டும். அதுவரை வாடகை வளவில் சாக்குகளிலே பொன்னாங்காணியும் பசளியும் வளர்க்கலாம். ஆனால் அது நிலத்துக்கு ஈடாகாது.

எமது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கு ஒரு யோசனை. காலபோக அறுவடை முடிந்ததும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைத் தெரிந்தெடுங்கள். பொதுநோக்கு மண்டபத்தில் மூன்று கல் வைத்து, ஊரிலுள்ள மூத்த தாய்மாரை ஆசிரியர்களாக அழையுங்கள். ஆணும் பெண்ணுமாக இளையோரை வரச்சொல்லி, அவர்கள் கையாலேயே சமைக்க விடுங்கள். ஊரில் எந்தக் கீரை எங்கே கிடைக்கும், எந்த இலையைத் தொடக்கூடாது என்பதையும் காட்டிக்கொடுங்கள். 1990 களில் பொருளாதாரத் தடையால் எத்தனையோ பொருட்கள் வராமலிருந்தபோது கிழங்கையும் குரக்கனையும் கீரையையும் கொண்டு பிள்ளைகளை வளர்த்த தாய்மார் இப்போது முதுமையடைந்துவிட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பழகாவிட்டால் பிறகு கேட்க ஆளிருக்காது.

ஆண்டுதோறும் மே மாதத்தில் நாம் முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் காய்ச்சி, 2009 இல் அரிசியும் உப்பும் தண்ணீருமே எத்தனை உயிர்களைத் தாங்கின என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்தப் பிள்ளைகள் மற்ற நாட்களிலும் தம் கையால் ஒரு பானை கஞ்சியை, பயறும் பாலும் கீரையும் சேர்த்துக் காய்ச்சிக் குடிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். இனி ஒரு பஞ்சம் வந்தாலும், விலை ஏறினாலும், வேலைக்காக எந்த ஊருக்குப் போனாலும் அது அவர்களோடு போகும். வருகிற ஞாயிறு உங்கள் வீட்டில் அடுப்பு மூட்டும்போது மகனையும் மகளையும் பக்கத்தில் கூப்பிட்டு இருத்துங்கள்.