வேலைக்குப் போக எந்த சைக்கிள்?

நீலமங்கலத்திலிருந்து கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடைக்கு நான் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். கடையில் சேரும் பிள்ளைகள் தவணையில் கியர் சைக்கிள் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். முதலில் வீட்டுத் திண்ணையைப் பாருங்கள். 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர்களுக்கும் விரிந்தது. பிளஸ் டூ முடிந்ததும் அந்த வண்டி திண்ணையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. டயர், டியூப், பிரேக் கட்டை, செயின் மாற்றி, பேரிங்குக்கு கிரீஸ் வைத்தால் போதும், ஓடும். உதிரிபாகம் சின்னசேலத்திலும் கிடைக்கும், சங்கராபுரத்திலும் கிடைக்கும். மலிவான கியர் வண்டிக்கு அப்படி இல்லை. கியர் கெட்டால் கடைகடையாக அலைய வேண்டும்.

சீட்டை உயர்த்துங்கள். பெடல் கீழே போகும்போது கால் ஏறக்குறைய நீள வேண்டும். முழங்கால் வலியில் பாதி இதில் தீரும். மட்கார்டும் கேரியரும் கட்டாயம்.

கல்வராயன் மலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வெள்ளிமலை ஏற்றத்தில் கியர் இல்லாத வண்டியைத் தள்ளத்தான் வேண்டும். இறக்கத்தில், அதுவும் மழையில், ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்காது. அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்குத் தேவை நேரத்துக்கு வரும் பேருந்து. அடிவாரத்து நிறுத்தங்களில் சைக்கிளைப் பூட்டிவைக்க ஒரு கூரையையும் மாவட்ட நிர்வாகம் போட்டுத்தர வேண்டும்.