போக்கர்: பணத்துக்கு வரம்பு, வரம்புக்குச் சாட்சி

திருக்குறளில் 94ஆவது அதிகாரம் சூது. அடுத்த 95ஆவது அதிகாரம் மருந்து. சூதாட்டத்தை ஒழுக்கக் கேடாக மட்டும் பார்த்துப் பழகிய எமக்கு இந்த வரிசை ஒன்றை நினைவூட்டுகின்றது. கட்டுப்பாடு இழந்த சூதாட்டத்தை உலக சுகாதார நிறுவனமும் தனது நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆகவே இம்முறை சுகாதாரப் பக்கத்தில் போக்கர் பற்றிப் பேசுகின்றோம்.

கடதாசி விளையாட்டு பியோர்ண்டால் தமிழருக்குப் புதிதல்ல. பிறந்தநாள் வீடுகளில் 304 விளையாடிச் சிரித்து மகிழ்பவர்கள் நாம். போக்கர் அப்படியல்ல, பணம் இல்லாமல் அதை விளையாடுவது அரிது. 2007 இல் நோர்வேயைச் சேர்ந்த அனெட் ஓப்ரெஸ்தாத், தனது 19ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், இலண்டனில் நடந்த பெரும் போட்டியில் 10 இலட்சம் பவுண் வென்றார். எமது இளையோர் இத்தகைய வெற்றிகளை அறிவார்கள். அதே போட்டியில் தோற்றவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

போக்கர் தெரிந்தவர்கள் “பாங்க்ரோல்” என்று ஒன்றைச் சொல்வார்கள். விளையாட்டுக்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்குவதே அது. ஒரு மேசையில் அமர 100 குரோணர் வேண்டுமென்றால் அதைப்போல் இருபது, முப்பது மடங்கு கையில் இருக்க வேண்டும். தோற்றால் சிறிய மேசைக்கு இறங்க வேண்டும் என்பார்கள். நல்ல ஒழுங்குதான். ஆனால் இது தொடர்ந்து வெல்லக்கூடியவருக்கான கணக்கு. இணையத் தளம் ஒவ்வொரு சுற்றிலும் மேசைப் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றது. ஆறு பேர் ஆளுக்கு 500 குரோணர் போட்டால் மொத்தம் 3000. ஐம்பது சுற்றில் சுற்றுக்கு 6 குரோணர் போனாலும் மேசையில் மிஞ்சுவது 2700 தான். எனவே சாதாரணமாக விளையாடுபவரின் பாங்க்ரோல் முதலீடு அல்ல. படம் பார்க்கப் போகும் காசைப் போன்ற செலவு.

இன்னொரு குறையும் உண்டு. வரம்பை வைப்பவரும் அதை மீறுபவரும் ஒரே ஆள். விட்டதைப் பிடிக்கும் வெறி வந்தபின் இரவு இரண்டு மணிக்கு அந்த வரம்பை யார் காப்பது?

நோர்வே இதை அனுபவத்தில் கண்டது. சூதாட்ட இயந்திரங்களில் தாள் காசு போடுவது 2006 இல் தடைசெய்யப்பட்டது. 2007 யூலையில் அந்த இயந்திரங்களே அகற்றப்பட்டன. உதவித் தொலைபேசிக்கு வந்த அழைப்புகளும் குறைந்தன. 2016 இல் நோர்ஸ்க் திப்பிங் நிறுவனம் ஒருவர் மாதத்தில் இழக்கக்கூடிய தொகைக்கு 20,000 குரோணர் என உச்சவரம்பு வைத்தது. வெளியிலிருந்து வரும் வரம்பே நிற்கின்றது. ஆனால் இணையப் போக்கர் பெரும்பாலும் வெளிநாட்டுத் தளங்களில்தான் நடக்கின்றது. அங்கு இந்த வரம்பு செல்லாது.

ஆகவே எமது கருத்து இது: வரம்பு வைத்தால் மட்டும் போதாது, அதை வீட்டில் இன்னொருவர் அறிந்திருக்க வேண்டும்.

1. மாதத் தொகையைக் கணவனோ மனைவியோ அறியட்டும். முடிந்தால் அது தனிக் கணக்கில் இருக்கட்டும்.

2. வீட்டுக்கடன், சீட்டுக் காசு, ஊருக்கு அனுப்பும் பணம் ஆகியவற்றைத் தொடவே கூடாது. சீட்டுக் காசு மற்றவரின் நம்பிக்கை.

3. கடன் வாங்கி விளையாடுவது, தோற்றதை மறைப்பது, நித்திரை கெடுவது, பணத்தைப் பற்றிக் கேட்டால் சினப்பது ஆகியவை நோயின் அறிகுறிகள்.

அறிகுறி கண்டால் குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள். இது மனநலச் சிகிச்சையால் குணமாகக்கூடியது. நோர்வேயின் சூதாட்ட உதவித் தொலைபேசி இலக்கம் 800 800 40, குடும்பத்தவரும் அழைக்கலாம். மொழி தடையென்றால் வைத்தியரிடம் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். 2022 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், இத்தகைய விடயங்களில் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதைத் தடுக்கின்றது. தகப்பனின் கடனைப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது கொடுமை.

“ஊர் என்ன சொல்லும்” என்று மறைக்கும் ஒவ்வொரு மாதமும் கடன் வளர்கின்றது. வீட்டில் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். அந்த இடத்திலிருந்துதான் மருந்து தொடங்குகின்றது.